கை காட்டுவதற்கு முன்னால்

அடுத்த செய்முறைத் தேர்விலிருந்து அந்த மஞ்சள் கோட்டருகே நிற்கப்போவது நீங்கள். என் முழங்கால் இனி வெயிலில் அரை நாள் நிற்காது என்று சொல்லி, மதிப்பீட்டாளர் வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். முழங்கால் வலி உண்மைதான். அது மட்டுமே காரணமில்லை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சைக்கிள் மெக்கானிக்குக்கு எதற்குப் பரீட்சை, எதற்குச் சான்றிதழ் என்று உங்களையும் கேட்பார்கள். தி. நகரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம், "பஞ்சர் ஒட்டுறதுக்கு எத்தினி மார்க்கும்மா?" என்று கேட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று வராது. பெட்டிக்குள் துண்டு துண்டாக வருகிற ஒரு வண்டியை ஒரு மனிதர் தன் கையால் பூட்டுகிறார். முன்பின் தெரியாத யாரோ அதன்மேல் ஏறி, பேருந்துகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவே புகுந்து போய்விட்டு, சாயங்காலம் முழுசாக வீடு திரும்புகிறார். தினமும் நடப்பதாலேயே இதைப் பார்த்து நாம் வாய் பிளப்பதில்லை. எனக்கு இப்போதெல்லாம் சிக்னலில் ஒரு சைக்கிள் ஒழுங்காக வந்து நின்றாலே போதும், மனம் ஒரு கணம் அடங்கிப்போகிறது.

எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், சக்கரத்தின் கோணலை எதுவரை பொறுக்கலாம் என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. தேர்வின் கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் அடையாறு மையத்தைத் தவிர வேறெங்கும் இந்த வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேர்வுக்கு வருகிறவர் தன் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் பூட்டிய வண்டியை மதிப்பீட்டாளர் அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார். குறை இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் அந்த வீட்டு ஆள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். தெருமுனையில் பாலத்துக்குப் போகிற மேட்டில் ஏறி, திரும்பி, சரிவில் இறங்கி, நம் கேட்டுக்குள் வந்து மஞ்சள் கோட்டில் நிறுத்த வேண்டும். புறப்பட அடையாளம், மதிப்பீட்டாளர் கை காட்டுவது. கை காட்டிவிட்டால் மெக்கானிக் வண்டியை ஒப்படைத்துவிட்டார் என்று பொருள். அதன்பின் அவர் அதைத் திரும்பக் கேட்டால் தோல்வி.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எனக்கு மூத்த சகா. தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்பார். வராது. ஏன் சார் வீட்டு ஆள் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வெளியாளுக்கு வண்டியக் குடுக்குறப்ப மெக்கானிக் கடைசியா நட்டப் பாப்பான். வீட்டாளுக்குக் குடுக்குறப்ப ஆளப் பாப்பான். அவன் கண்ணு எங்க போவுதுன்னு மட்டும் பாருங்கம்மா. மத்தது எல்லாத்தையும் மிஷின் வெச்சே பாத்துக்கலாம்."

இதற்குப் பொருள் எனக்கு முதலில் விளங்கியது ஒரு சிரிப்பில். எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய ஓர் இளைஞர் தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இவரு மாட்டுன மிக்ஸி மூடி போன வாரம் சீலிங்க்ல போய் இடிச்சுது மேடம். மொதல்ல இவரு ஓட்டட்டும்."

கூடமே சிரித்தது. "எல்லாம் டைட்டாத்தான்டி இருக்கு" என்று முறைத்தபடியே கணவர் முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டில்பாரை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. முதல் முறை பார்த்தபோதும் அசையவில்லைதான். ஆனால் அந்த இரண்டாவது முறையில் அவர் முகம் வேறாக இருந்தது. வண்டியைத் தருகிறவரின் முகத்தை அன்றுதான் நான் படிக்கத் தொடங்கினேன். கை காட்டுகிறவரின் முகத்தை யாராவது படிப்பார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கஸ்தூரி தேர்வுக்கு வந்தது அதற்கு நெடுநாள் கழித்து. நாற்பது வயதிருக்கும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளை இடித்து அகற்றியபோது குடும்பத்தோடு நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். தினமும் விடிகிற நேரத்துப் பேருந்தில் நகரத்துக்குள் வந்து, ரயில் நிலையங்களில் நிற்கும் வாடகை சைக்கிள்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. மாத முடிவுக்குள் சான்றிதழ் வாங்காதவர்களை நிறுத்திவிடப்போவதாக அவருடைய நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த மாதத்தில் எங்களிடம் இருந்தது அந்த ஒரு தேர்வுதான். இதையெல்லாம் அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் ஓயாது அவருக்கு. எழுத்துத் தேர்வின்போதே, "கேள்விய நான் நல்லாத்தான் படிக்கிறேன் மேடம். அதுக்குத்தான் என்னப் புரிய மாட்டேங்குது" என்று சொன்னவர்.

அவர் வண்டியைப் பூட்டி முடித்தார். நான் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அப்போது அவருடைய போன் அடித்தது. வேளச்சேரியில் ஒரு மாலில் வேலை செய்யும் மகன். அவன்தான் ஓட்ட வருவதாக இருந்தது.

"இன்னாடா, மேனேஜரு வுட மாட்டேன்றாரா? உங்கம்மா செத்துட்டான்னு சொல்லு, வுடுவாரு... ஐய, சும்மா சொல்லுடா. நான் ஒன்னியும் நெனச்சிக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, "வர மாட்டானாம்" என்றார். வீட்டு ஆள் இல்லையென்றால் தேர்வு முழுமையாகாது. அடுத்த தேர்வுக்குள் அவர் வேலை போயிருக்கும்.

என் மகள் தாரிணி அந்த நேரத்தில்தான் வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மயிலாப்பூரிலிருந்து தன் சைக்கிளில் வந்தவள். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வரும்வரை போனைக் கையிலிருந்து கீழே வைக்காத அம்மா நான். சைக்கிள் துறையில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படலாமா என்று கேட்பார்கள். துறையில் இருப்பதால்தான் பயம்.

"நான் ஓட்டறேன்க்கா" என்றாள்.

"யாரு பாப்பா நீ?"

"இவங்க பொண்ணு."

"மேடம் பொண்ணா! ஐயோ சாமி, ஆள வுடு. இருக்குற வினையே போதும் எனக்கு."

நான் மூத்த சகாவைப் பார்த்தேன். கூடாது என்று அவர் சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மதிப்பெண் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வீட்டாளுன்னா யாரும்மா? நம்பி ஏறுற ஆளு. இந்தப் பொண்ணு ஏறுறேன்னு சொல்லுது. மார்க்க நான் போடுறேன், நீங்க கை மட்டும் காட்டுங்க. உங்களுக்கு எதனா ஆட்சேபணையா?"

என்ன சொல்ல முடியும்? வண்டியைச் சோதித்து நல்ல வண்டி என்று சொன்னவள் நான். வேண்டாம் என்றால், ஊரார் பிள்ளைகளுக்குச் சரியான வண்டி என் பிள்ளைக்குச் சரியில்லை என்று ஆகிவிடும். கஸ்தூரியின் வேலையும் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்ல சார்" என்றேன்.

தாரிணி தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். என்னைப் பார்த்தாள். கஸ்தூரி எனக்கு முதுகைக் காட்டியபடி அவள் பக்கத்தில் நின்றார்.

என் கை எழவில்லை.

அந்த நேரத்தில் என் மனத்துக்குள் எந்தக் காரணமும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு நட்டும் நினைவுக்கு வரவில்லை, ஒரு கம்பியும் வரவில்லை. உன் பெண் என்பதால் பயப்படுகிறாய், இது வேலை, கையைத் தூக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது.

கஸ்தூரி என் பக்கம் ஒரு பார்வை திரும்பினார். பிறகு தாரிணியை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பா, நீ உள்ள வந்தப்ப பாத்தேன். இன்னா வேகமா வந்து டக்குனு நின்னே! பின்னாடி சக்கரம் கொஞ்சம் எகிறிச்சு. எந்தக் கையால புடிச்சே?"

தாரிணி யோசிக்கவே இல்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

இங்கே விற்கிற வண்டிகளில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும், இடது கைப் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். நம் பாடமும் அப்படித்தான், கஸ்தூரி பூட்டியதும் அப்படித்தான். தாரிணியின் வண்டி அவள் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் இது தலைகீழ், இடது கைப் பிரேக்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கும். மாற்றித் தருகிறேன் என்று நானே பல முறை கேட்டும், பழகிவிட்டது என்று அவள் விடவில்லை. சமதரையில் மெதுவாகப் போகும்போது இதனால் ஒன்றும் ஆகாது. சரிவில் வேகமாக இறங்கும்போது குறுக்கே ஏதாவது வந்தால், யோசிப்பதற்கு முன்பே கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். இடது கையை இறுக்குவாள், பின்சக்கரம் மட்டும் வழுக்கும். பதறி வலது கையையும் முழுப் பலத்தோடு இறுக்குவாள், வண்டி அவளைத் தூக்கி முன்னால் எறியும்.

கஸ்தூரி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு பாப்பா."

"ஏன்க்கா? வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"வண்டி நல்லாத்தான் கீது. உனக்கு ஆவாது. எறங்கு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஃபெயில்னா ஃபெயில்னு போட்டுக்கோங்க சார். இந்தப் பொண்ண இதுல நான் அனுப்ப மாட்டேன்."

ஒப்படைத்த வண்டியைத் திரும்ப வாங்கிவிட்டதாகவே அவர் நினைத்திருந்தார். என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்த பிறகு முதுகைக் காட்டியே நின்றதால், அதற்குள் நான் கை காட்டிவிட்டேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் தன் வேலையைக் கீழே வைத்தார்.

மூத்த சகா மதிப்பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கை காட்டுனீங்களாம்மா?"

"இல்ல சார்."

"ஏன் காட்டல?"

"பயமா இருந்துச்சு சார்."

"அது ரூல்ல வராது. கை காட்டல, அதான் கணக்கு. வண்டி இன்னும் கஸ்தூரி கையிலதான் இருக்கு. நேரமும் கொஞ்சம் இருக்கு. இன்னாம்மா நின்னுக்கினு இருக்க, ஆவுற வேலையப் பாரு."

கஸ்தூரி இரண்டு பிரேக் கம்பிகளையும் கழற்றி இடம் மாற்றினார். வேகமாகச் செய்தார், ஆனால் அவசரப்படவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முடித்ததும் நான் மறுபடி சோதித்தேன். தாரிணியை முற்றத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டவைத்து, கஸ்தூரி திடீரென்று அவள் முன்னால் குதித்து "நில்லு!" என்று கத்தினார். வண்டி நின்றது. தாரிணி சிரித்தாள். கஸ்தூரி சிரிக்கவில்லை. "இப்ப போ" என்றார்.

நான் கை காட்டினேன்.

மேட்டில் ஏறியது தெரிந்தது. திரும்பியது தெரிந்தது. சரிவில் பாதி வழி இறங்கியிருப்பாள். பக்கத்துச் சந்திலிருந்து குப்பை அள்ளுகிற பேட்டரி வண்டி சத்தமே இல்லாமல் அவளுக்குக் குறுக்கே மூக்கை நீட்டியது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தினேன் என்கிறார்கள். பின்சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் எழுந்தது, அப்படியே இறங்கியது. குப்பை வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளி இருந்தது. அவள் ஒரு காலை ஊன்றி, ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மெல்ல மிதித்து வந்து மஞ்சள் கோட்டில் நிறுத்தினாள்.

"அம்மா, பிரேக் செம! என் வண்டிய விட நல்லா பிடிக்குது" என்றாள். என்ன நடந்திருக்கக் கூடும் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அவளுடைய இடது கை விரல்கள் மட்டும் பிரேக்கிலிருந்து பிரியாமல் வெளுத்திருந்தன. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான் எடுத்துவிட்டேன்.

கஸ்தூரி தேறினார். மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், நான் பாட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீங்க எப்பவும் ஆளு உக்காந்த ஒடனே கை காட்டிடுவீங்க, இன்னிக்கு மூணு பேருக்குப் பாத்தேன். எனக்கு மட்டும் காட்டவே இல்ல. இன்னாடான்னு திரும்பிப் பாத்தா மூஞ்சி கல்லு மாரி கீது. சரி, வண்டில ஒன்னும் இல்ல, மேடமே செக் பண்ணிட்டாங்க. அப்போ பொண்ணு மேலதான் இன்னாவோ பயப்படுறாங்கன்னு தோணிச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணையே ஒழுங்காப் பாத்தேன்."

இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பாராட்டும் அடியும் அதுதான். காரணம் தெரியாமல் நான் தாமதித்தேன். அந்தத் தாமதத்துக்குள் அவர் ஒரு கேள்வியைக் கேட்டார். இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் சரிவில் என் பெண் என்னவாகியிருப்பாள் என்று நினைக்க இன்னமும் என்னால் முடியவில்லை. இப்போதும் சில காலைகளில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது, மறந்ததைச் சொல்வது போலக் கூப்பிட்டு ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிறேன். சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் கஸ்தூரி சொன்னதில் என்னை உலுக்கியது வேறொன்று. ஆள் உட்கார்ந்த உடனே கை காட்டிவிடுவீர்கள் என்றாரே, அது உண்மை. வண்டியைச் சோதித்தாகிவிட்டது, இனி என்ன என்று இருந்திருக்கிறேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குத் தாரிணிதானே? அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கை தூக்குவதும் எனக்குக் கனமாகிவிட்டது, முழங்காலைத் தவிர நான் விலகியதற்கு இன்னொரு காரணம் அதுதான்.

அன்று இன்னும் ஒருவர் மீதமிருந்தார். மயிலாப்பூரில் புதிதாகக் கடை திறக்கப்போகிற ஓர் இளைஞர். அளவுக்கருவி இல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதவர். தன் அப்பாவைக் கூட்டி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்துக்குள் பாதி முகம் மறைந்துபோய், மிகுந்த உற்சாகத்தோடு ஏறி உட்கார்ந்தார். "அப்பா தினமும் மாட வீதி சுத்தறவர்தான் மேடம், பயமே இல்ல" என்றார் மகன்.

நான் சோதித்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. கை பாதி எழுந்தது. அதை இறக்கிக்கொண்டு அவரருகே நடந்தேன்.

"சார், நீங்க எந்தக் கையால நிறுத்துவீங்க?"

"கையா?" என்று சிரித்தார். "கையெல்லாம் மணி அடிக்கத்தாம்மா. நான் செருப்பத் தரையில தேச்சுண்டே வந்து நிறுத்திடுவேன். ஆத்துல இருக்கற வண்டிக்கு பிரேக் கட்டையே கெடையாது."

மகன் முகம் வெளுத்துப்போனது. "அப்பா! பிரேக் இல்லியா? சொல்லவே இல்லியே!"

"நீ எங்கடா கேட்டே? மெக்கானிக் நீதானே."

பாடத்தில் சொன்னபடி துல்லியமாக உயர்த்தப்பட்ட அந்தச் சீட்டிலிருந்து அவருடைய செருப்பின் நுனிதான் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகன் ஸ்பேனரை எடுத்து, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும்வரை சீட்டை இறக்கினார். பிறகு அப்பாவின் விரல்களைப் பிடித்து இரண்டு பிரேக்கின் மேலும் வைத்தார். முற்றத்தில் மெதுவாகப் பக்கத்திலேயே ஓடினார். "இப்ப ரெண்டையும் பிடிங்கோ. மெதுவா. கால வெக்காதீங்கோ."

வண்டி நின்றது. நின்ற பிறகுதான் கால் தரைக்கு வந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, நின்னுடுத்தே!"

"இன்னொரு தடவை, அப்பா" என்றார் மகன்.

இன்னொரு தடவை போனார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை. நேரம் ஆகிறது என்று யாரோ சொன்னார்கள். மூத்த சகா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த இளைஞர் நட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் அப்பாவின் கைகளை மட்டுமே பார்க்கிறார் என்று உறுதியானதும் கை காட்டினேன்.